நெல் நாட்டாரின் வன யாத்திரை

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு எத்தனையோ விஷயங்களில் பெருமை உண்டு. காவேரித் தண்ணீரைப் பற்றியோ, பெரிய கோவிலைப் பற்றியோ, கும்பகோணம் காப்பியைப் பற்றியோ அவர்கள் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு ரயில் தவறிப் போய்விடும். பழைய ஜில்லா இன்று நாலு ஜில்லாவாகப் பிரிந்து போயிருந்தாலும் அந்தப் பெருமை மட்டும் பிரியவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவர்கள் வாயைத் திறக்க முடியாது. அதுதான் காடு.

மேற்கே கல்லணையிலிருந்து கிழக்கே கடற்கரை வரையில் எங்கே திரும்பினாலும் வயல். வயலுக்கு அப்பால் தென்னந்தோப்பு. அதற்கும் அப்பால் மறுபடியும் வயல். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக எங்கள் முன்னோர்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள். அந்தக் காடுகள் இன்று கோவில் பெயர்களில்தான் உயிரோடு இருக்கின்றன. சிதம்பரம் தில்லை வனம். வேதாரண்யம் மறைக்காடு. பக்தர்கள் ஒரே நாளில் தரிசித்து வரும் பஞ்ச ஆரண்ய ஸ்தலங்கள் வேறு இருக்கின்றன. திருக்கருகாவூர் முல்லை வனம், அவளிவணல்லூர் பாதிரி வனம், ஹரித்துவாரமங்கலம் வன்னி வனம், ஆலங்குடி பூளை வனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வ வனம். ஐந்து வனங்களையும் சுற்றி வந்தால் புண்ணியம் கிடைக்கும். ஆனால் ஒரு முயலைக்கூடப் பார்க்க முடியாது.

ஆகையால், எண்பது வயதான என் பெரியப்பா, "சாவதற்குள் ஒரு புலியைப் பார்த்துவிட வேண்டும்" என்று சொன்னபோது நான் அதிகமாக ஆச்சரியப்படவில்லை. அவருடைய பேத்திக்கு ஏழு வயது. அவளும் அதே அபிப்பிராயம் கொண்டிருந்தாள். பெரியவரும் குழந்தையும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டால் நடுவிலிருப்பவன் என்ன செய்ய முடியும்? சென்ற மார்கழி மாதத்தில் மூன்று பேருமாகச் சென்னைக்கு அருகிலுள்ள வண்டலூர் மிருகக் காட்சி சாலைக்குப் புறப்பட்டோம்.

உழவனில் ஒரு பிரயாணம்

கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். "எனக்கென்றே பெயர் வைத்திருக்கிறார்கள்" என்று பெரியப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். சம்பாப் பயிர் கதிர் வாங்கி நின்ற சமயம் அது. வண்டி நகர்ந்ததும் அவர் ஊர் விஷயங்களைப் பேசலானார். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கொல்லை காவேரிப் படுகையில் போய் முடிகிறது. அங்கே கொஞ்சம் மூங்கிலும், பெரியப்பாவின் பாட்டனார் காலத்து இலுப்பை மரங்கள் நான்கும் நிற்கின்றன. பகல் முழுவதும் அந்த மரங்களில் வௌவால்கள் நூற்றுக் கணக்கில் தலைகீழாகத் தொங்கும். சாயங்காலமானால் நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்து சேரும். மர வியாபாரி ஒருவர் மூங்கிலையும் இலுப்பையையும் சேர்த்து விலை பேசியிருந்தார். பொங்கல் கழிந்ததும் வெட்டுவதாக ஏற்பாடு. நிலத்தைச் சமன் செய்து வாழை வைக்கப் போவதாகப் பெரியப்பா சொன்னார்.

"வௌவால் என்ன கூலியா கொடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப் போனார். எனக்கும் பதில் தெரியவில்லை.

விடிவதற்கு முன் தாம்பரத்தில் இறங்கி, செங்கற்பட்டுப் பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறி வண்டலூர் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். 2023 டிசம்பர் மாதக் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறந்ததிலிருந்து, தென் ஜில்லா பஸ்கள் மிருகக் காட்சி சாலைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடுகின்றன. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு மிருகங்களுக்கு மனிதர்களிடமிருந்து விடுதலை.

உயிர் காலேஜ்

வாசலைத் தாண்டியதும் பெரியப்பா நின்றார். "மிருகக் காட்சி சாலை எங்கே? இது காடாக அல்லவா இருக்கிறது?" என்றார்.

வாஸ்தவந்தான். வண்டலூர்க் காட்டுக்குள்தான் இந்தக் காட்சி சாலையை அமைத்திருக்கிறார்கள். மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர். ஹெக்டேர் என்றால் பெரியப்பாவுக்குப் புரியாது; ஏக்கரும் அவருக்குப் பாதிதான் புரியும். தஞ்சாவூர்க் கணக்கில் இருநூற்றிருபது வேலிக்கு மேல் என்று சொன்னேன். "அம்மாடி! அத்தனையும் ஒரு மிராசுதாருக்கா?" என்று அவர் கேட்டார். "அத்தனையும் ஜனங்களுக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

இந்த இடத்திற்கு ஒரு பூர்வ கதை உண்டு. சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர், பாடம் பண்ணிய மிருகங்களைவிட உயிருள்ள மிருகங்களைப் பார்க்கவே ஜனங்கள் திரள் திரளாக வருவார்கள் என்று கண்டுகொண்டார். கர்நாடக நவாபாகிய குலாம் கௌஸ் கானை அவர் அணுகி, நவாபிடமிருந்த மிருகங்களையெல்லாம் மியூசியத்திற்குத் தரும்படி கேட்டு வாங்கினார். இவ்விதம் 1855-ல் பாந்தியன் ரோட்டு மியூசியத் தோட்டத்தில் காட்சி சாலை ஆரம்பமாயிற்று. 1863-ல் அது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. சென்னை ஜனங்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். இதைவிடப் பொருத்தமாக எந்தப் பண்டிதராலும் பெயர் வைத்திருக்க முடியாது.

அந்த 1855-ஆம் வருஷம் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்கக் கூடாத வருஷம். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் நவாப் வாரிசில்லாமல் இறந்தார். அதே மாதத்தில் தஞ்சையின் கடைசி மராட்டிய அரசராகிய சிவாஜியும் ஆண் வாரிசில்லாமல் காலமானார். டல்ஹௌஸியின் ஆட்சி இரண்டு பட்டங்களையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. நவாபின் அரண்மனையில் மிஞ்சியது என்ன? அவர் முன்கூட்டியே ஜனங்களுக்குக் கொடுத்துவிட்ட மிருகங்கள் மட்டுமே! சிம்மாசனம் போயிற்று, சிங்கம் தங்கிற்று.

தஞ்சாவூரிலும் அந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆசை பிறந்திருக்கிறது. 1871-72-ல் நகரசபையார் பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைக் குளத்தை ஒட்டிப் பொதுஜனங்களுக்காக ஒரு பூங்கா ஏற்படுத்தினார்கள். அதில் மான்களும் பறவைகளும் இருந்தன. கோவிலுக்கு வந்த குழந்தைகள் அர்ச்சனை முடிந்ததும் பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்த இடம் அதுதான். அரண்மனையிலோ, 1955-ல் தரங்கம்பாடியில் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை இன்றும் பார்க்கலாம். எங்கள் ஊரில் உயிர் காலேஜ் சிறியது. செத்த காலேஜ்தான் பெரியது.

சென்னை நகரம் வளர வளர, பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகங்களுக்கு மூச்சுத் திணறலாயிற்று. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் மூர் மார்க்கெட், சுற்றிலும் புகையும் சத்தமும். ஆகையால் சர்க்கார் வண்டலூர்க் காட்டை ஒதுக்கி, 1979-ல் வேலையை ஆரம்பித்தார்கள். 1985 ஜூலை 24-ல் அப்போது முதன்மந்திரியாயிருந்த எம்.ஜி.ஆர். புதிய காட்சி சாலையைத் திறந்து வைத்தார். அதற்கு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று பெயர்.

புலிக்கொடியும் புலியும்

பெரியப்பாவின் ஆவலை உத்தேசித்து முதலில் புலியிடம் போனோம். இங்கே கம்பிக் கூண்டைக் காணோம். நமக்கும் புலிக்கும் நடுவில் ஆழமான அகழி. அதற்கப்பால் மரமும் புதரும் நீரும். புலி ஒன்று மூங்கில் நிழலில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தது, பார்க்கத் தகுந்தவர்கள் அல்ல என்று தீர்மானித்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெரியப்பா மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோவிலில் சந்நிதிக்கு முன்னால் மட்டும் அவர் அப்படிச் செய்வது வழக்கம்.

"இவர்தானா நம் சோழ ராஜாக்களின் கொடியிலே இருந்தவர்?" என்றார்.

சோழ நாட்டார் புலிக்கொடியை ஈழம் வரையில், கங்கை வரையில் கொண்டு போனார்கள். தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். ஓமாம்புலியூர், எருக்கத்தம்புலியூர் என்று எத்தனையோ புலியூர்கள் இருக்கின்றன. அவ்வளவு பெயர்களையும் வைத்துக்கொண்டு இருக்கும் எங்களுக்குப் புலியின் முகத்தைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது.

தேசம் முழுவதிலுமே அந்த நிலைமை வந்துவிடும் போலிருந்தது. வெள்ளைக்கார துரைமார்களும், அவர்களைத் திருப்தி செய்ய நினைத்த நம் சமஸ்தானாதிபதிகளும் போட்டி போட்டுக்கொண்டு வேட்டையாடிய காலம் ஒன்று இருந்தது. 1972-ல் நம் தேசத்துப் புலிகளை முதன் முதலாக எண்ணியபோது 1,827 என்று கணக்கு வந்தது. மறு வருஷம் புலிகளைக் காக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. 2022-ஆம் வருஷத்துக் கணக்கோ 3,682. ஆனால் எல்லா மிருகங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. புலிக்குத் தாயாதியான சிவிங்கிப் புலி நம் தேசத்தில் அற்றுப்போய்விட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். எழுபது வருஷங்களுக்குப் பிறகு, 2022-ல், எட்டுச் சிவிங்கிகளை ஆப்பிரிக்காவிலுள்ள நமீபியாவிலிருந்து ஆகாய விமானத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. வீட்டில் இருந்த விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு நெருப்பு வாங்கப் போன கதைதான்!

நான் இந்த விவரங்களையெல்லாம் சாங்கோபாங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது குழந்தை குறுக்கிட்டாள்.

"சித்தப்பா! இந்தப் புலி என்ன தப்புப் பண்ணிற்று? ஏன் இதை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் காணும் புலிகள் பெரும்பாலும் காட்சி சாலையிலேயே பிறந்தவை என்றும், காட்டில் விட்டால் அவற்றுக்கு வேட்டையாடத் தெரியாது என்றும் சொன்னேன். "அப்படியானால் அதன் தாத்தா என்ன தப்புப் பண்ணினார்?" என்று கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் புலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சிக்கு வராத சிங்கங்கள்

சிங்கங்களின் இடத்துக்கு வந்தபோது பெரியப்பாவுக்குப் பழைய ஞாபகம் வந்தது. சிறு பிராயத்தில் கும்பகோணத்தில் கூடாரம் போட்ட சர்க்கஸ் ஒன்றுக்குப் பத்து மைல் நடந்து போனாராம். சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லையாம்.

"இப்போது சர்க்கஸில் சிங்கம் வருவதில்லையே, அந்தச் சிங்கங்களெல்லாம் எங்கே போயின?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சரியான பதில் வைத்திருந்தேன். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று 1998-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டார்கள். சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு சர்க்கார் கட்சியை ஊர்ஜிதம் செய்தது. உத்தரவு போட்டாயிற்று, மிருகங்களை என்ன செய்வது? அவற்றுள் பல கிழடு தட்டியவை. காட்டுக்கும் போக முடியாது, கூடாரத்திலும் இருக்க முடியாது. அவற்றை வைத்துக் காப்பாற்றுவதற்காகத் தேசத்தில் சில இடங்களில் மீட்பு நிலையங்கள் ஏற்பட்டன. வண்டலூரிலும், பக்கத்திலிருந்த சுமார் 92 ஹெக்டேர் நிலத்தைச் சேர்த்து அப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள்.

"அதைப் பார்க்கலாமா?" என்று பெரியப்பா கேட்டார்.

"முடியாது, பெரியப்பா. அந்தச் சிங்கங்களைக் காட்சிக்கு வைப்பதில்லை."

பெரியப்பா சற்று நேரம் நின்றார். "ஆமாம். அவை காட்சி கொடுத்தது போதும்" என்றார். பிறகு, மெதுவான குரலில், "நானும் கைதட்டினேனடா, தம்பி" என்றார்.

இந்தச் சிங்கங்களின் சரித்திரத்தில் இன்னொரு துக்கமும் உண்டு. 2021-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் தேசமெங்கும் பரவியபோது, காட்சி சாலையின் வாசல் மூடியிருந்தது. ஆயினும் நோய் சிங்கங்களைத் தொற்றியது. அந்த ஜூன் மாதத்தில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், வயதான ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. அகழி வெட்டினோம், சுவர் எழுப்பினோம்; ஆனால் நம் மூச்சுக்கும் அவற்றின் மூச்சுக்கும் நடுவில் சுவர் இல்லை.

காவேரியின் காவற்காரர்கள்

குரங்குகளிடத்தில் குழந்தைக்குத் துக்கமெல்லாம் பறந்துவிட்டது. அவளை மிகவும் கவர்ந்தது சோலைமந்தி. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் ஒரு குஞ்சம். இதனால் சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. காட்டில் மிஞ்சியிருப்பவை சில ஆயிரங்கள்தான். தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை அழித்தபோது இவை துண்டு துண்டான சோலைகளில் அகப்பட்டுக்கொண்டன. மரத்தைவிட்டு இறங்க அதிகம் விரும்பாத பிராணிக்கு, இரண்டு சோலைகளுக்கு நடுவே ஒரு தோட்டம் வந்துவிட்டால் சமுத்திரம் வந்த மாதிரிதான். வண்டலூரில் இவற்றை ஜாக்கிரதையாக வளர்த்து வம்சம் அற்றுப் போகாமல் காக்க முயல்கிறார்கள்.

பெரியப்பா ஒரு மிராசுதார். எதிலும் வரவு செலவு பார்க்கிறவர். "புலியாவது ராஜா, இந்தக் குரங்கைக் காப்பாற்றி நமக்கென்ன லாபம்?" என்றார்.

"உங்கள் குறுவை" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகத்துடன் பார்த்தார். நான் சொன்னதன் சாராம்சம் இதுதான். சோலைமந்தி வாழும் மலைத் தொடரில்தான் காவேரி பிறக்கிறாள். அவளுடன் சேரும் கபினியும் பவானியும் அமராவதியும் அங்கேதான் பிறக்கின்றன. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை அந்த மலைகளில் கொட்டுகிறது. மொட்டை மலையானால் அந்தத் தண்ணீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். சோலையாயிருந்தால் இலைகள் மழையின் வேகத்தை அடக்குகின்றன; உதிர்ந்த சருகும் வேரும் மண்ணும் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சங் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. அந்தச் சோலை மரங்களின் பழத்தைத் தின்று, கொட்டையை அங்கங்கே போட்டுப் புதிய மரங்களை உண்டாக்குகிறவர்களில் இந்தச் சோலைமந்தியும் ஒருவர். சம்பளம் இல்லாத காவற்காரர்!

மலை உச்சிப் புல்வெளிகளில் இன்னொரு காவற்காரர் உண்டு. அவர்தான் நம் ராஜ்யத்தின் மிருகமாகிய வரையாடு. 2024-ல் தமிழ் நாட்டு மலைகளில் எண்ணியபோது 1,031 வரையாடுகள் இருந்தன. எங்கள் ஜில்லாவில் ஒரு கிராமத்து மாடுகளை எண்ணினால்கூட அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

1934-ல் மேட்டூர் அணை முடிந்ததிலிருந்து நாங்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அணையைப் பார்க்கத் தொடங்கினோம். ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதே வருஷா வருஷம் எங்கள் பேச்சு. அணைக்கு மேலே ஆறு இருக்கிறது, ஆற்றுக்கு மேலே மலை இருக்கிறது, மலைமேல் காடு இருக்கிறது, காட்டில் மந்தி இருக்கிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"அப்படியானால் நெல்லில் இவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்" என்றார் பெரியப்பா.

ஏரிக் கரையில்

வெயில் ஏறிவிட்டது. நீர்யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் குழந்தைக்காகப் பார்த்தோம். முதலைகளைப் பார்த்ததும் பெரியப்பா, "இதற்கு இவ்வளவு தூரம் வருவானேன்? நம் கொள்ளிடத்தில், அணைக்கரைப் பக்கம் இல்லாத முதலையா?" என்றார். அது உண்மைதான். அவர் குரலில் கொஞ்சம் ஊர்ப் பெருமையும் கலந்திருந்தது.

கடைசியாக ஓட்டேரி என்னும் ஏரிக்குப் போனோம். மழைத் தண்ணீரால் நிறைகிற ஏரி அது. நாங்கள் போன சமயம் நீர் தளும்பியது. நடுவிலும் கரையிலும் நின்ற மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டங் கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

"சித்தப்பா, இவற்றுக்குக் கூண்டு எங்கே?" என்று குழந்தை கேட்டாள்.

"கூண்டு கிடையாது. இவற்றை யாரும் பிடித்து வரவில்லை. தண்ணீரும் மரமும் இருப்பதைப் பார்த்துத் தாமாகவே வந்திருக்கின்றன. இஷ்டமானபோது போய்விடும்."

குழந்தையின் முகம் மலர்ந்தது. நாள் முழுவதும் அவள் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் விலகியது போலிருந்தது. "தாத்தா, நம் வீட்டுக் கொல்லையில் வருகிறதே, அதே பறவைதான்!" என்று கத்தினாள்.

பெரியப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். உழுத வயலில் நத்தை பொறுக்கும் நாரை. மடையோரத்தில் நிற்கும் மடையான். இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்தும் நீர்க்காகம். எண்பது வருஷமாகத் தினந்தோறும் பார்த்தவை. ஆனால் ஊரிலே அவற்றை அவர் நின்று பார்த்ததில்லை. இங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிற ஜனங்கள், "அதோ! அதோ!" என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் இந்தக் காட்டில் ஆயிரக் கணக்கான மரங்கள் சாய்ந்துவிட்டன. மறுபடியும் மரம் நட்டு, நிழல் உண்டாக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். மிருகங்களைச் சுவருக்குள் வைத்திருப்பது சரியா, தவறா என்ற குழந்தையின் கேள்விக்கு என்னால் முடிவான தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனத்தில் பட்டது. காடு இருக்கிற வரையில்தான் காட்சி சாலை ஒரு பள்ளிக்கூடம். காடு போய்விட்டால் அது வெறும் சிறைச்சாலை.

இலுப்பை மரம்

திரும்பும்போது ரயிலில் குழந்தை சீக்கிரம் தூங்கிவிட்டாள். பெரியப்பா தூங்கவில்லை. விழுப்புரம் தாண்டிய பிறகு, "நம் பக்கத்தில் காடே கிடையாதா?" என்று கேட்டார்.

"ஏன் இல்லை? கோடியக்கரை இருக்கிறதே!" என்றேன்.

1930-ல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து சென்று உப்பெடுத்தார்களே, அந்த வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்கரை மேற்குப் பக்கம் திரும்புகிற முனையில் இருக்கிறது அது. 1967-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். முறுக்கிய கொம்புள்ள வெளிமான்கள் அங்கே அகழியும் சுவரும் இல்லாமல் புல்வெளியில் ஓடுகின்றன. பனிக்காலத்தில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. தில்லைவனம், முல்லைவனம் என்று பெயரில் மட்டும் மிஞ்சியவற்றுக்கு நடுவில், மறைக்காடு ஒன்றுதான் தன் பெயரைக் கொஞ்சமாவது காப்பாற்றிக் கொண்டிருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் ஏரியிலும் பறவைகள் சரணாலயம் உண்டு.

"கோடை விடுமுறையில் அவளைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். ஓடுகிற மானைப் பார்க்கட்டும்" என்றார் பெரியப்பா. பிறகு வெகு நேரம் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கொள்ளிடம் பாலத்தில் தடதடவென்று ஓடியபோதுதான் மறுபடியும் பேசினார்.

"அந்த மர வியாபாரிக்குப் போன் செய்து சொல்லிவிடு. மூங்கிலை வெட்டிக்கொள்ளட்டும். அது மறுபடியும் வளரும். இலுப்பையை விட்டுவிடச் சொல்."

"வாழை?"

"மூங்கில் வெட்டிய இடத்தில் எத்தனை கொள்கிறதோ அத்தனை வைக்கலாம்."

ஊருக்கு வந்ததும் போன் செய்தேன். இலுப்பை இல்லாவிட்டால் மூங்கிலுக்கு அந்த விலை கட்டாது என்று வியாபாரி பிகு செய்தார். கடைசியில் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். பெரியப்பாவுக்கு நஷ்டந்தான். அதை அவர் மறைக்கவில்லை. கணக்குப் புஸ்தகத்தில் எழுதியும் வைத்தார்.

பெரியம்மாவுக்கு மட்டும் இதில் பூரண சம்மதம் இல்லை. கொல்லையில் துணி உலர்த்துகிறவள் அவள். வௌவால்களைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம். துணிக் கொடியை வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இப்போது சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், குழந்தை தாத்தாவைக் கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறாள். இருவரும் படுகையில் ஒரு பழைய கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இலுப்பை மரத்துக்கு எத்தனை நீர்க்காகம் வந்து சேர்ந்தது என்று எண்ணுகிறார்கள். கணக்கில் இருவருக்கும் தினந்தோறும் சண்டை.